முன்மாதிரிக் குசினி

விலைவாசி ஏறியதற்கு யார் காரணம் என்று இரண்டு மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஆள் நிலாவெளியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், நாலாவது வீட்டில் இருந்தாள். பெயர் சிவக்கொழுந்து. வயது நாற்பத்தாறு. புருஷன் கதிரவேல் கரைவலை இழுக்கிறவன். குற்றம்: அளவுக்கு மீறிச் செலவழித்தல்.

அவள் ஒருத்தி மட்டும் என்று சொல்லவில்லை. அவளைப் போல இலட்சக்கணக்கான பெண்கள் குசினிக்குள் நின்றுகொண்டு கண்மண் தெரியாமல் சீனியும் பருப்பும் வாங்கித் தள்ளுவதால்தான் சாமான் விலை இப்படி ஏறுகிறது என்று கொழும்பில் யாரோ அறிக்கை எழுதினார்களாம். அறிக்கை வந்த கையோடு அந்தப் பெண்களைத் திருத்த ஒரு பணியகமும் வந்தது. ‘இல்லச் செலவுக் குறைப்பு ஊக்குவிப்புப் பணியகம், திருகோணமலைக் கிளை.’ துறைமுகம் தெரிகிற மேட்டில் இரண்டு மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து, ஒன்பது குளிரூட்டி பூட்டி, வாசலில் மூன்று பிக்கப் வாகனம் நிறுத்தி, நாற்பத்திரண்டு உத்தியோகத்தரைக் கதிரையில் இருத்தி, சிக்கனத்தைத் தொடங்கினார்கள்.

அந்தப் பணியகத்திலிருந்து சிவக்கொழுந்துவுக்குக் கடிதம் வந்தது. மாதாமாதம் வருகிற உதவிக் கொடுப்பனவு தொடர வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் சிக்கனப் பயிற்சிக்கு வரவேண்டும். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். காலை ஒன்பது மணி. அதற்குப் பிறகு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து குசினியைப் பரிசோதிப்பார்கள். தேறாத குடும்பம் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி முதலிலிருந்து பயிற்சிக்கு வரவேண்டும்.

கொடுப்பனவு என்றால் ஏதோ புதையல் என்று நினைக்க வேண்டாம். அது மகள் ஜெயரூபியின் பஸ் காசு. பெட்டை உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுதுகிறாள். முதல்தரம் இரசாயனவியல் காலை வாரிவிட்டது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை எட்டிலிருந்து பதினொரு மணி வரை திருகோணமலை ரவுணில் வகுப்பு. வகுப்பு நடத்துகிற சஞ்சீவன் மாஸ்டர் இவர்களுடைய நிலைமை தெரிந்து காசு வேண்டாம் என்றுவிட்டார். நல்ல மனுஷன். ஆனால் பஸ் கொண்டக்டருக்குப் பதிலாக அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. ஆகவே கடிதத்தைக் கண்டதும் சிவக்கொழுந்து வேறு எதையும் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெயரூபியோடு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். குச்சவெளியிலிருந்து வந்தவர்கள், கட்டைபறிச்சானிலிருந்து விடியப் புறப்பட்டு வந்தவர்கள். குளிரூட்டி போட்ட குளிரில் எல்லாரும் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு. விளக்கை ஏற்ற வேண்டியவர் பிரதிப் பணிப்பாளர் கோணேஸ்வரன். அவர் வந்து சேர்ந்தது பதினொன்றே காலுக்கு. அதுவரை யாரும் எதுவும் தொடங்கவில்லை. வரவு இடாப்பைக்கூட விளக்கு எரிந்த பிறகுதான் எடுத்தார்கள். விளக்கேற்றுவதற்கு முன் வந்தவர் வந்தவராகக் கணிக்கப்படமாட்டார் என்பது பணியகத்தின் விதி. பிறகு மாலை போட்டார்கள், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. அது முடிய ஒரு துண்டுப் பாடம், பிறகு பகல் சாப்பாடு. கோழிப் பிரியாணிப் பார்சல், அதற்குள் ஒரு அவித்த முட்டை. சாப்பிட்டு முடிய அன்றைய பஸ் காசுக்குக் கையெழுத்து வாங்கி, எண்ணிக் கையில் வைத்தார்கள். குற்றம் சொல்லக் கூடாது, பஸ் காசு மட்டும் ஒரு சதம் குறையாமல் தந்தார்கள்.

இதேபோலத்தான் மூன்று நாளும். மூன்று நாளும் புதிதாக விளக்கு, புதிதாக மாலை, மூன்று நாளும் பதினொன்றே கால்.

கோணேஸ்வரனுடைய தலைமையுரையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துவிட்டுத் தொடங்கினார்.

“தாய்மாரே, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் கஷ்டம் இருக்கிறது. போன வருடம் எங்கள் வீட்டில் இரண்டாவது வாகனத்தை விற்க வேண்டி வந்தது. நான் யாரிடமாவது முறைப்பட்டேனா? இல்லை. அந்தத் தியாகத்தைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறோம். விற்பதற்கு எங்களிடம் இரண்டாவது வாகனம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் தாய்மாரே, காலத்தோடு திட்டமிடாததன் விளைவு.”

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். குளிருக்கு அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

பாடம் எடுப்பதற்குக் கொழும்பிலிருந்து ஒரு வளவாளர் வந்திருந்தார். நிலாவெளியில் கடலைப் பார்த்த ஹோட்டலில் தங்கி, காலையில் பிக்கப்பில் வந்து, மத்தியானம் பிக்கப்பில் போனார். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்கிய மாதிரி இருந்தது அவருடைய பாடம். தேங்காய்ப்பூவை ஒருதரம் பிழிந்துவிட்டு எறியாதீர்கள், இரண்டாம் பால் என்று ஒன்று இருக்கிறது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். கட்டைபறிச்சான் மனுஷி ஒருத்தி எழும்பி, தாங்கள் நாலாம் பாலில் நிற்பதாகச் சொன்னாள். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டார். நீங்கள் வீட்டில் என்ன சிக்கனம் செய்கிறீர்கள் என்று சிவக்கொழுந்துவைக் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்கினால் ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி போகும். உள்ளங்கையில் ஒரு கிள்ளு வைத்து, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடித்தால் அரைக் கரண்டியில் அலுவல் முடியும். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பின்னால் இருந்த கோணேஸ்வரன் துள்ளி எழும்பிவிட்டார். அப்படியே எழுதச் சொன்னார். சாப்பாட்டுப் பார்சல் வருவதற்குள் அது ‘உள்ளங்கை முறைமை’ என்று பெயர் பெற்று, வட்டமும் அம்புக்குறியும் போட்டுத் திரையில் ஏறிவிட்டது. சிவக்கொழுந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வறுமைக்கு இப்படியொரு பெயர் வைக்கலாம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘உங்கள் குடும்பத்தின் தேவையற்ற செலவுகள்’ என்று தலைப்பு. கீழே நாலு கட்டம்: உணவகத்தில் உண்ணல், குளிரூட்டி, செல்லப்பிராணி, வெளிநாட்டுப் பயணம். ‘ஒன்றுமில்லை’ என்றொரு கட்டம் இல்லை. சிவக்கொழுந்து வெளிக்கள உத்தியோகத்தர் நிஷாந்தினியைக் கூப்பிட்டுக் கேட்டாள். நிஷாந்தினி சின்னப் பெட்டை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், சம்பளம் வந்தது மூன்று மாதம்.

“ஒண்டாவது போடுங்கோ அக்கா. போடாட்டிக் கொம்பியூட்டர் எடுக்காது. கொம்பியூட்டர் எடுக்காட்டிக் கொடுப்பனவு நிண்டிடும்.”

சிவக்கொழுந்து நன்றாக யோசித்தாள். பொய் சொல்வதென்றால் ஒருவரும் நம்பாத பொய்யாகச் சொன்னால் பாவம் குறைவு என்பது அவளுடைய எண்ணம். கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூருக்குப் போனதே இரண்டுதரம்தான். ஆகவே நாலாவது கட்டத்தில் புள்ளடி போட்டாள். மற்றப் பக்கத்தில், இனிமேல் அந்தச் செலவை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டிருந்தது. இனிப் போகமாட்டேன் என்று எழுதினாள். எழுதும்போது சிரிப்பும் வந்தது. பாவி, அந்தச் சிரிப்பு எவ்வளவு விலைக்குப் போகும் என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை பரிசோதனை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுச் சுஹைரா வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். சுஹைராவும் புருஷனும் ஒழுங்கை முடக்கில் சின்னக் கடை வைத்திருந்தார்கள். சிவக்கொழுந்துவின் இறாக்கைத் தட்டில் உப்புப் போத்தலும் புளியும் கொஞ்ச மிளகாய்த்தூளும் அடியில் கிடந்த சீனியும்தான். சுஹைராவுக்குப் பொறுக்கவில்லை.

“கந்தோரால ஏழு பேர் வாறாங்களாம். இப்பிடியா அக்கா குசினியக் காட்டப்போறீங்க? ஒங்களுக்கு மட்டுமா வெக்கம், ஒழுங்கைக்கே வெக்கமில்லையா?”

இதை வெளியூர்க்காரர் விளங்கிக்கொள்வது கஷ்டம். அந்த ஒழுங்கையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குப் பெண்பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் கதிரை ஒரு வீட்டிலிருந்து வரும், கண்ணாடிக் கோப்பை இன்னொரு வீட்டிலிருந்து வரும், மேசைவிரிப்பு சுஹைரா வீட்டிலிருந்து வரும். வந்தவர்கள் போனதும் எல்லாம் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். சாதி சமயம் என்று அதில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவன் வெறும் இறாக்கையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். வருகிறவன் மாப்பிள்ளையின் தகப்பனா, பணியகத்தின் பிரதிப் பணிப்பாளரா என்று ஒழுங்கை வித்தியாசம் பார்க்கவில்லை. அங்கேதான் பிழை நடந்தது.

இருட்டுவதற்குள் இறாக்கை நிரம்பியது. பருப்பு, கோதுமை மா, இரண்டு பால்மாப் பக்கட், ஒரு போத்தல் நிறையச் சீனி. எல்லாவற்றுக்கும் மேலே, விலையேறியதிலிருந்து ஒருவரும் வாங்காமல் சுஹைராவின் கடையில் தூசி பிடித்துக்கிடந்த டின்மீன் ஐந்து. சுஹைரா அதைத் துடைத்து, படம் தெரிகிற மாதிரி அடுக்கிவைத்தாள். கதிரவேல் தன் பங்குக்குக் காலையில் வலையில் பட்ட பாரையை விற்காமல் கொண்டுவந்தான். வீட்டுக்கு வருகிற மனுஷருக்கு வெறும் தேத்தண்ணியா கொடுப்பது?

ஏழு பேரும் வந்தார்கள். பாரைப் பொரியலைச் சாப்பிட்டார்கள். இரண்டு கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு குசினிக்குள் போய் நின்று, கோணேஸ்வரன் ஒவ்வொன்றாகச் சொல்ல நிஷாந்தினி எழுதினாள். சீனி, போதியளவு. பால்மா, போதியளவு. டின்மீன், ஐந்து. கோணேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றே நாள் பயிற்சியில் இந்தக் குசினி எப்படி நிரம்பிவிட்டது பார்த்தீர்களா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். அவர்களும் பார்த்தோம் என்றார்கள்.

அடுத்த கிழமையும் வந்தார்கள், முதல்தரம் எடுத்த படத்தில் கோணேஸ்வரன் கண்ணை மூடிவிட்டாராம். அதற்கடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு குழு. அதற்கும் பிறகு, பணியகத்துக்குக் காசு கொடுக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். வருகிற ஒவ்வொரு தடவையும் ஒழுங்கை இறாக்கையை நிரப்பியது, போன கையோடு வெறுமையாக்கியது. அந்த ஐந்து டின்மீனும் நாலுதரம் எண்ணப்பட்டன, ஒருதரமும் தின்னப்படவில்லை. தின்னப்பட்டது கதிரவேலின் மீன். சிக்கனத்தைப் பார்க்க வந்தவர்களுக்குச் செலவழித்தே அந்த மாதம் சிவக்கொழுந்து வீட்டில் இரவுச் சாப்பாடு பாணும் சம்பலுமாகப் போனது.

மூன்றாவது தடவையே அவள் நிஷாந்தினியை வேலிக்கரைக்குக் கூட்டிப்போய், உள்ளே இருப்பதெல்லாம் இரவல் என்று வெட்கத்தை விட்டுச் சொன்னாள். நிஷாந்தினி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். புரட்டிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

“இரவல் எண்டு ஒரு கட்டம் இல்லையே அக்கா.”

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஜெயரூபி வாசித்தாள். முதலாவது, சிவக்கொழுந்துவின் வீடு மாவட்டத்தின் ‘முன்மாதிரிக் குசினி’யாகத் தெரிவாகியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தை முற்றாக நிறுத்தியும், போதியளவு உணவைச் சேமித்தும், உள்ளங்கை முறைமையைக் கண்டுபிடித்தும் அவள் நாட்டுக்கு வழிகாட்டியிருக்கிறாள். அவளுடைய முற்றத்திலேயே பாராட்டு விழா. இரண்டாவது கடிதம் சின்னது. மேற்படி குடும்பம் தன்னிறைவு அடைந்துவிட்டதால் உதவிக் கொடுப்பனவு இம்மாதத்திலிருந்து நிறுத்தப்படுகிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இது குழியைப் பறித்து, அதற்கு மாலையும் போட்டது.

கதிரவேல் வலையைத் தைத்துக்கொண்டு கேட்டிருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. “வலையில ஒண்டும் படாத நாளில நாங்கள் கடலுக்குப் பாராட்டு விழா வைக்கிறேல்லை” என்று மட்டும் சொன்னான்.

சிவக்கொழுந்து பணியகத்துக்குப் போனாள். மேல்மாடியில் கோணேஸ்வரனுடைய அறை. கண்ணாடிக்கு வெளியே துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. அவர் பால்தேத்தண்ணிக்கு மூன்றாவது கரண்டி சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டின்மீன் சுஹைராவுடையது என்றாள். வெளிநாட்டுக்கு ஒருநாளும் போனதில்லை, பாஸ்போட்டே இல்லை என்றாள். கொடுப்பனவு நின்றால் மகளுடைய படிப்பும் நின்றுவிடும் என்றாள். மேன்முறையீடு செய்ய ஏலாதா என்று கேட்டாள்.

கோணேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. மனம் நொந்துபோனார்.

“செய்யலாம் அம்மா. உங்கட உரிமை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கோ. இந்தப் பணியகம் தொடங்கி இவ்வளவு நாளில நாங்கள் கரைசேர்த்த ஒரே குடும்பம் நீங்கள்தான். நீங்களும் ஏழை எண்டால், நாங்கள் ஒருத்தரையும் கரைசேர்க்கேல்லை எண்டுதானே வரும்? பணியகத்தை மூடிப்போடுவாங்கள். நாப்பத்திரண்டு உத்தியோகத்தர், நாப்பத்திரண்டு குடும்பம். அந்தப் பிள்ளையளும் வகுப்புக்குப் போகுதுகள்தானே. உங்கட ஒரு பிள்ளையின்ர பஸ் காசுக்காக நாப்பத்திரண்டு குடும்பத்தின்ர வயித்தில அடிக்கிறதோ? சுயநலம் கூடாது அம்மா.”

பிறகு, விழா நல்லபடி முடிந்தால் கொடுப்பனவைப் பற்றி ‘பார்க்கலாம்’ என்றார். விழாவில் உள்ளங்கை முறைமையைச் சிவக்கொழுந்து செய்து காட்ட வேண்டும். அறுபது பேருக்குத் தேத்தண்ணி. சீனிக்குக் காசு தருவீர்களா என்று அவள் கேட்டாள். முன்மாதிரிக் குசினி என்றால் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தால்தானே அழகு என்றார். கூப்பிட்ட குரலுக்கு நிஷாந்தினி வந்து அவளை வாசல் மட்டும் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

அந்தக் கிழமை ஜெயரூபி வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த கிழமை ஒருநாள் போனாள். வீட்டிலிருந்தே படிப்பேன் என்று சொன்னாள், இரசாயனக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். சிவக்கொழுந்து குசினிக்குள் நின்று அதைப் பார்த்தாள்.

விழாவன்று விடிய லொறியில் கூடாரம் வந்தது. வெள்ளை உறை போட்டு, பின்னால் சிவப்பு நாடா கட்டிய கதிரை அறுபது. ஜெனரேற்றர், ஒலிபெருக்கி, சிவக்கொழுந்துவின் வீட்டுச் சுவரை முழுக்க மறைக்கிற பதாகை. அந்தப் பதாகை அடித்த காசில் ஜெயரூபி பரீட்சை வரைக்கும் பஸ்ஸில் முன் சீற்றில் போய்வந்திருப்பாள். குத்துவிளக்கும் பிக்கப்பில் வந்து இறங்கியது.

சுஹைரா வழமைபோல டின்மீனும் சீனிப் போத்தலுமாக வேலியால் வந்தாள். சிவக்கொழுந்து குசினி வாசலில் நின்று மறித்தாள்.

“வேண்டாம் சுஹைரா. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோங்கோ.”

“என்ன அக்கா, இண்டைக்குத்தான் பெரிய ஆக்கள் வாறாங்க. மானம் போயிருமே.”

“போகட்டும். நாலு தரம் மானத்தை இரவல் வாங்கினனான். அதாலதான் என்ர பெட்டையின்ர படிப்புப் போச்சு.”

சுஹைரா சீனிப் போத்தலை இடுப்பில் இடுக்கினாள். டின்மீனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வந்தார். பதினொன்றே காலுக்கு விளக்கு எரிந்தது. உரைகள் நடந்தன. முன்வரிசையில் பிரதம விருந்தினர், பக்கத்தில் கோணேஸ்வரன், அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைகளும் பட்டுச் சேலைகளும். பின்வரிசையில் சாரதிகள், ஒலிபெருக்கிக்காரர், கூடாரம் கட்டினவர்கள். சிவக்கொழுந்துவுக்குப் பொன்னாடை போர்த்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக் கதிரையில் வைத்துவிட்டு, பால் இல்லாத தேத்தண்ணியைக் கோப்பைகளில் ஊற்றி எல்லாருக்கும் அனுப்பினாள். பிறகு தன்னுடைய சீனிப் பேணியையும் ஒரு சின்னக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேணியில் அடியில் கிடந்ததுதான் இருந்தது. ஒரு குறுணி கூடுதலாக வாங்கவில்லை.

“எல்லாரும் கையை நீட்டுங்கோ” என்றாள்.

பணியகமே பெயர் வைத்த முறைமை. மாட்டேன் என்று யார் சொல்வது? பிரதம விருந்தினர் கையை நீட்டினார். அதைப் பார்த்துக் கோணேஸ்வரன் நீட்டினார். அதைப் பார்த்து நாற்பத்திரண்டு உத்தியோகத்தரும் நீட்டினார்கள். மோதிரம் போட்ட கைகளும் தங்க மணிக்கூடு கட்டிய கைகளும் ஒரு கரைவலைக்காரன் முற்றத்தில், உள்ளங்கை மேலே தெரிய, வரிசையாக நீண்டன. படம் பிடிக்கிறவன் பழக்கதோஷத்தில் ஓடியோடிப் பிடித்தான்.

சிவக்கொழுந்து குசினிக்குக் கிட்ட இருந்த பின்வரிசையிலிருந்து தொடங்கினாள். சாரதிக்கு ஒரு கிள்ளு. ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு கிள்ளு. கூடாரக்காரர் நாலு பேருக்கும் நாலு கிள்ளு. அவர்களுக்கு முறைமை எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நக்கு, ஒரு மிடறு என்று அவர்கள்பாட்டில் குடித்தார்கள். பதினேழாவது கையோடு பேணி முடிந்தது. அவள் வெறும் பேணியோடு முன்வரிசைக்கு நடந்து வந்தாள். அங்கே இன்னும் கைகள் நீண்டபடி இருந்தன. கோணேஸ்வரன் சிரித்த முகம் மாறாமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவக்கொழுந்து அவருடைய உள்ளங்கைக்கு மேலே பேணியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

“முடிஞ்சுது சேர்” என்றாள். பிறகு ஓரமாக நின்ற நிஷாந்தினியைப் பார்த்தாள். “தங்கச்சி, படிவத்தைக் கொண்டு உள்ளுக்கு வாங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் இரவல் தரேல்லை. இப்ப இருக்கிறதை எழுதுங்கோ. இவ்வளவு பெரிய ஆக்கள் இருக்கினம், அவையளுக்குக் கேக்க வாசியுங்கோ.”

நிஷாந்தினி கோணேஸ்வரனைப் பார்த்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் உள்ளே போனாள். குசினிக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது, மெல்லத் தொடங்கிப் போகப்போக உரத்தது. சீனி, இல்லை. பருப்பு, இல்லை. பால்மா, இல்லை. மா, இல்லை. டின்மீன், இல்லை. சிவக்கொழுந்துவுக்கு உடம்பு கூசியது. கூசினாலும் தலையைக் குனியவில்லை. கூட்டத்துக்கு வெளியே நின்ற ஜெயரூபி தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோணேஸ்வரன் லேசுப்பட்ட ஆளா? ஒலிவாங்கியைப் பிடுங்கி எடுத்தார். “அன்பர்களே, இதுதான் சிக்கனத்தின் சிகரம். ஒன்றுமே இல்லாமல் வாழ முடியும் என்று இந்தத் தாய் நிரூபித்துவிட்டார்” என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு எல்லாரும் பிக்கப்பில் ஏறி, ஹோட்டலில் ஒழுங்கு செய்திருந்த பகல் சாப்பாட்டுக்குப் போனார்கள். கைநீட்டி நிற்கிற அந்தப் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கொடுப்பனவு திரும்பி வருகிறதாக்கும் என்று கதிரவேலும் வலையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தான். சுஹைரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஜெயரூபி பிரித்து வாசித்தாள்.

மேற்படி குடும்பத்தின் குசினியில் நான்கு தடவைகள் போதியளவு உணவுப்பொருட்களும் ஐந்து டின்மீனும் உறுதிப்படுத்தப்பட்டிருந்தன. பிரதம விருந்தினர் முன்னிலையில் நடந்த ஐந்தாவது பரிசோதனையில் அவற்றில் ஒன்றேனும் காணப்படவில்லை. மிகக் குறுகிய காலத்தில் கையிருப்பு முழுவதையும் விரயம் செய்த ஊதாரித்தனத்தைப் பணியகம் கவலையுடன் கவனத்தில் எடுத்துள்ளது. ‘முன்மாதிரிக் குசினி’ விருது மீளப்பெறப்படுகிறது. குடும்பத்தில் ஒருவர் வருகிற செவ்வாய்க்கிழமை தொடக்கம் மூன்று நாள் சிக்கனப் பயிற்சிக்கு மறுபடியும் சமூகமளிக்க வேண்டும். தேறிய பின்னரே கொடுப்பனவு பற்றிப் பரிசீலிக்கப்படும்.

கதிரவேல் காறித் துப்பினான். சுஹைரா தலையில் கைவைத்தாள். தன்னுடைய டின்மீனால் வந்த வினை என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயரூபி கடிதத்தை மடிக்கப் போனாள்.

“பொறு பிள்ளை” என்றாள் சிவக்கொழுந்து. “ஆர் வரவேணும் எண்டு போட்டிருக்கு?”

“குடும்பத்தில ஒராள்.”

“பஸ் காசு?”

ஜெயரூபி கடைசி வரியைத் தேடினாள். “மூண்டு நாளும் தருவினமாம். பகல் சாப்பாடும்.”

“உன்ர வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?”

“பதினொண்டுக்கு.”

“விளக்கு ஏத்தப் பதினொண்டே கால். அதுக்கு முதல் இடாப்பு எடுக்கிறேல்லை. நீ எட்டு மணிக்கு வகுப்புக்குப் போ. பதினொண்டுக்கு வெளிக்கிட்டா நடந்து போகலாம். விளக்கைக் கும்பிட்டுட்டு, சாப்பிட்டு, கையெழுத்து வச்சுக் காசை வாங்கிக்கொண்டு வா. அவங்கள் கதைக்கிற நேரம் கொப்பியைப் பார்.”

ஜெயரூபி தாயை ஒரு மாதிரிப் பார்த்தாள். “மூண்டு நாள் முடிஞ்சா? சனிக்கிழமை குசினி பாக்க வருவினமே அம்மா.”

“வரட்டும். இறாக்கையில ஒண்டும் இராது. நீ பெயில் எண்டுவாங்கள். அடுத்த செவ்வாய் திரும்பவும் வரச் சொல்லுவாங்கள்.”

சுஹைரா வேலிக்கு அந்தப் பக்கம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிறகு உள்ளே போய் அந்த ஐந்து டின்மீனில் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கே ஆக்கித் தின்று முடிக்க வேண்டும், சனிக்கிழமை ஒரு டின் கண்ணில் பட்டாலும் கரைச்சல் என்றாள்.

சிவக்கொழுந்து டின்னை வாங்கி, வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தாள். எடுத்தவள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

“சோதினைக்கு இன்னும் எத்தனை கிழமை கிடக்கு?”

“ஒம்பது.”

“அப்ப அதுவரைக்கும் பஸ் காசு காணும்” என்றாள் சிவக்கொழுந்து. “நீ ஒருக்காப் பாஸ் பண்ண, என்ர குசினி ஒம்பது தரம் பெயிலாகட்டும்.”